மொட்டைமாடியில் ஒன்பது நாள்

துணி காயப்போட மாடிக்குப் போனபோது தரையில் ஒரு படகு வரைந்திருந்தது. வெள்ளை டிஸ்டெம்பரில் நான்கு விரல் அகலக் கோடு. பின்பக்கம் தட்டை, முன்பக்கம் கூர். முப்பத்தோரு அடி நீளம், அகலமான இடத்தில் பத்தடி. கூர்முனை தண்ணீர்த் தொட்டியின் மேடையில் முட்டியதால் ஒன்றரை அடி குறைந்துபோயிருந்தது. என் கொடிக்கயிறு படகின் நடுவே போனது.

"உள்ள வராதீங்க, கோடு காயல," என்றார் அனந்தகிருஷ்ணன். கையில் பிரஷ், முழங்காலில் வெள்ளை.

அவர் என் வீட்டுக்காரர். ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவருடைய பூட்டனார் மதராஸ் பட்டாளத்தோடு இங்கே பக்கத்து ராணுவக் குடியிருப்பான போலாரத்துக்கு வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் ஊர் திரும்பவில்லை. நான் அல்வாலில் அவருடைய கீழ்ப் போர்ஷனில் நான்கு வருடமாக இருக்கிறேன்.

"இது என்ன சார்?"

"படகு."

"அது தெரியுது. எதுக்கு?"

பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டுச் சொன்னார். கொச்சியில் அவருக்கு ஒரு பாய்மரப் படகு நிற்கிறது. இதே அளவு. ஜனவரியில் அதை எடுத்துக்கொண்டு செஷல்ஸ் தீவுக்குப் போகிறார். ஆயிரத்து ஐந்நூறு கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் பதினெட்டு நாள், இல்லாவிட்டால் இருபத்திரண்டு. இரண்டு பேருக்கு மேல் அதில் இடமில்லை. ஒருவர் அவர்.

"இன்னொருத்தர்?"

"அதுக்குத்தான் இந்தக் கோடு. ஜலஜா வர்றேன்னு நிக்கிறா. முடியாதுன்னா கேக்க மாட்டேங்கிறா. ஒன்பது நாள் நாங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள இருக்கப்போறோம். வெளிய கால் வைக்காம இருந்துட்டா, அவ வரட்டும். வெச்சா, ஜகதீசன் வருவான்."

ஜகதீசன் அவரோடு ராணுவத்தில் இருந்தவர். இருவரும் ஹுசேன் சாகரில் பாய்மரம் ஓட்டக் கற்றவர்கள். ஜலஜா அக்காவும் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஏரியில் சின்னப் படகு ஓட்டியிருக்கிறார். ஆனால் ஏரியில் மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஜலஜா அக்கா மேலே வந்தார். ஐம்பத்துநான்கு வயது. இதே ஊரில், மாரெட்பள்ளியில் பிறந்தவர். ரயில்வே முன்பதிவு கவுன்டரில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். கோட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"இருபத்தேழு வருஷம் நாலுக்கு நாலு கூண்டுல உக்காந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்துற ஜனம். இதுல ஜனம் வேற இல்ல. இதுக்குப் போய் டெஸ்டா?"

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் அவர்.

"நீங்க பாருங்க. நான் இருந்துட்டுப் போறேன்."

எனக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். மருத்துவர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் ராத்திரி வேலையைப் பதினோரு வருடம் பார்த்துவிட்டு ஜூலையில் விட்டிருந்தேன். அந்தச் செய்தி தூக்கத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. "எப்படியும் முழிச்சிட்டுதானே இருக்கீங்க ரோகிணி," என்றார் சார். முதல் வேலை, நடப்பதை நோட்டில் எழுதுவது. இரண்டாவது வேலையை அவர் சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தேன்.

"நீங்கதான் கடல்."

விளையாட்டில்லை. அடுப்பு வைக்கும் பலகையை நான்கு சங்கிலிகளில் தொங்கவிட்டிருந்தார். அதிலிருந்து ஒரு கயிறு கோட்டுக்கு வெளியே, படிக்கட்டு அறை வரை வந்தது. நான் தாயக்கட்டை உருட்ட வேண்டும். விழும் எண்ணிக்கைக்குத் தக்கபடி கயிற்றை இழுக்க வேண்டும். கட்டிலுக்கும் அதே மாதிரி ஒரு கயிறு. இருட்டிய பிறகு நினைத்த நேரத்தில் தொட்டி மேடையில் டார்ச் அடிக்க வேண்டும். அது தூரத்துக் கப்பல். காவலில் இருப்பவர் அதைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்குள் எழுதியாக வேண்டும். அடிவானத்தில் தெரிகிற கப்பல் இருபது நிமிடத்தில் நம் மேல் வந்து ஏறிவிடுமாம்.

படிக்கட்டு அறைக் கதவில் விதிகளை ஒட்டினார். ஒன்று: கோட்டைத் தாண்டியவர் செத்தவர். மற்றவர் தனியாகப் பயணத்தை முடிக்க வேண்டும். இரண்டு: கட்டிலை விட்டு இறங்கினால் இடுப்புப் பட்டையில் கயிற்றின் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். மூன்று: இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். குடிக்க, சமைக்க எல்லாம் அதில்தான். நான்கு: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் பார்க்க வேண்டும். ஐந்து: போன் கிடையாது. மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் கரையோடு பேசலாம். கீழே கையெழுத்துப் போட்டு, 'கேப்டன்' என்று எழுதினார்.

மூன்றாவதாக ஒரு சில்லறை வேலையும் என் தலையில் விழுந்தது. எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் குழாய்த் தண்ணீர் வரும். மதியம் மூன்றிலிருந்து நாலுக்குள். வந்ததும் கேட் பக்கத்து வால்வைத் திறந்து மோட்டார் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறவர் சார்தான். இந்த ஒன்பது நாளும் நான் செய்ய வேண்டும்.

நவம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் கோட்டுக்குள் போனார்கள்.

கழிப்பறைக்கு என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. மாடியிலேயே ஒன்று இருந்தது. கோடு அதன் கதவை உள்ளே வளைத்துப் போட்டிருந்தது. அதன் குழாயை சார் டேப் சுற்றி அடைத்துவிட்டார். கழுவுவதற்கெல்லாம் கடல் தண்ணீர். கோட்டை ஒட்டி வெளியே ஒரு இருநூறு லிட்டர் டிரம், அதில் ஏழு கிலோ கல்லுப்பு. வாளியைக் கயிற்றில் கட்டி மொண்டுகொள்ள வேண்டும்.

"லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்," என்றார். "கடல்லயும் அவ்வளவுதான்."

முதல் நாள் மதியம் நான் மூன்று தடவை இழுத்ததில் சாம்பார் தரையில் கொட்டியது.

"ரோகிணி, நீ நல்லா இருப்பியா?" என்று அக்கா கத்தினார்.

கடல் பதில் சொல்லக்கூடாது. நேரத்தை எழுதிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் குக்கரில் சமைத்தார். விசில் போடுவதில்லை. மூடி பூட்டிக்கொள்வதால் எவ்வளவு இழுத்தாலும் சிந்தாது. அதே குக்கரிலிருந்து இருவரும் ஸ்பூனால் சாப்பிட்டார்கள். தட்டு இல்லையென்றால் கழுவ வேண்டியதும் இல்லை. அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர், மீதி நல்ல தண்ணீர். பாதிக்குப் பாதி வைத்துப் பார்த்ததில் வாயில் வைக்க முடியவில்லை. தோசை மாவை மூடிபோட்ட பாட்டிலில் வைத்தார். மூன்றாம் நாள் காலை அது வெடித்து சார் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு மாவு இல்லை. ஈரத்துணியில் முளைகட்டிய பயறுதான் காய்கறி.

உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு காய்வதில்லை. ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் நாள் அக்கா கத்தரிக்கோலை எடுத்துத் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டார். வெட்டிய முடியைப் பையில் போட்டு முடிந்து வைத்தார். குப்பையை எறியக்கூடாது என்று விதியில் இல்லை. அவராகச் செய்தார்.

பகலில் நான்கு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று காவலைப் பிரித்திருந்தார்கள். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குவார். கட்டில் இருபத்திரண்டு அங்குலம். உருண்டு விழாமலிருக்கப் பக்கத்தில் கான்வாஸ் துணி. சமையலறை டைமரைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, அது அடிக்கும்போதெல்லாம் அக்கா எழுந்து நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். சுற்றிலும் தொட்டிகள், டிஷ் ஆன்டெனாக்கள், ஒரு வேப்ப மரம்.

மூன்றாம் நாள் மாலை பேசும் நேரத்தில் கேட்டேன்.

"அப்படி என்னதான் பாக்கறீங்க அக்கா?"

"மொத நாள் ஒண்ணும் தெரியல. இப்ப எல்லாம் தெரியுது. ஹக்கிம்பேட் ஏர்பேஸ்லேர்ந்து பழகுற பிளேன் ஒரு ரவுண்டு வர ஆறு நிமிஷம். எதிர் வீட்டுல பதினொன்றரைக்குத் தொட்டி நெறஞ்சு வழியுது. மோட்டாரை அணைக்க அந்தம்மா எப்பவும் மூணு நிமிஷம் லேட். தெரியுமா உனக்கு?"

"போரடிக்கலையா?"

"கவுன்டர்ல ஒரு நாளைக்கு முன்னூறு மூஞ்சி. ஒண்ணையும் பாத்ததில்ல. ஃபார்மைத்தான் பாப்பேன்." டைமரைத் திருகி வைத்தார். "அப்புறம் இன்னொண்ணு. இவரோட நான் பேசறதே காவல் மாறுற பத்து நிமிஷம்தான். ரொம்ப நல்லா இருக்கு."

கட்டிலில் இருந்து சார், "கேட்டுட்டிருக்கேன்," என்றார்.

"தூங்குங்க. உங்க டைம்."

நான்காம் நாள் ஆறு மணிக்கு ஜகதீசன் வந்தார். கையில் பிரியாணிப் பொட்டலம். தொட்டி மேடையில் ஏறி, கோட்டுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பிரித்தார். மாடி முழுக்க வாசனை.

"பாபி, ஒரு பீஸ்?" நண்பர் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நக்கோ, வேணாம். நடுக்கடல்ல பிரியாணி எப்படி வரும்?"

"மீன் மேல ஏறி வந்திருக்கேன்னு வெச்சுக்குங்க."

"அப்ப மீனைக் குடுங்க. பிரியாணிய நீங்க சாப்பிடுங்க."

ஜகதீசன் சிரித்துக்கொண்டே எலும்பைக் கடித்தார். நல்ல மனிதர். ஆனால் வாயில் வருவதை நிறுத்தத் தெரியாது. சார் பக்கம் திரும்பி, "அரே, சொல்ல மறந்துட்டேன். கொச்சிக்கு சபரி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிருச்சுடா. நாலாம் தேதி. ஆனா மிடில் பெர்த்துதான்," என்றார்.

அக்கா கேட்டார். கவுன்டரில் கேட்கிற அதே குரலாக இருந்திருக்கும்.

"எந்த மாசம் நாலாம் தேதி?"

"ஜனவரி, பாபி."

"எத்தனை டிக்கெட்டு?"

"ரெண்டு."

"பேரு?"

ஜகதீசன் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். டைமர் அடித்தது. அக்கா எழுந்து, கொக்கியை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வழக்கத்தை விடக் கொஞ்சம் மெதுவாக. ஜகதீசன் பாதிப் பிரியாணியை மடித்துக்கொண்டு கீழே போனார்.

அடுத்த காவல் மாறும் நேரத்தில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. கேட்டதை எழுதினேன்.

"எப்ப எடுத்தீங்க?"

"கொஞ்ச நாளாச்சு."

"கோடு போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. லோயர் பெர்த்தா வாங்கிக் குடுத்திருப்பேன்."

"ஜலஜா, நீ ரெண்டு நாள்ல எறங்கிடுவேன்னு நெனச்சேன்."

"நாலு நாளாச்சு."

"ஹவ், ஆமா. தெரியுது."

"நான் ஒன்பதையும் முடிச்சுட்டா?"

"கேன்சல் பண்ணலாம்."

"உங்களுக்கு ராத்திரி எந்திரிக்க வேண்டிய டைம் ஒன்பது," என்றார் அக்கா. "போய்ப் படுங்க."

ஐந்தாம் நாள் இரவு சாரின் காவலில் இரண்டு முறை டார்ச் அடித்தேன். இரண்டையும் அவர் எழுதவில்லை. நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தது. டைமர் அடித்து ஓய்ந்தது. விடிந்ததும் கோட்டின் ஓரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு லைட்டை விட்டுடுங்க ரோகிணி," என்றார்.

"பதினோரு வருஷமா கேட்டதை அப்படியே அடிச்சவ சார் நான்."

"இது ஆஸ்பத்திரி இல்லையே."

"ஆமா. இதுல கப்பல் மோதிட்டுது."

அவர் கேட்டதையும் எழுதி வைத்தேன். காலை 6.10.

ஏழாம் நாள் தண்ணீர் வரும் நாள். நான் இரவு முழுக்கக் கயிறு இழுத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் சும்மா படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். நான்கு மாதத்தில் முதல் முறையாக நிஜமான தூக்கம். கதவு இடிபடும் சத்தத்தில்தான் எழுந்தேன். சார் நின்றிருந்தார். இடுப்பில் பட்டை, அதில் கொக்கி இல்லை. காலில் செருப்பில்லை. வால்வின் துரு கையில் ஒட்டியிருந்தது.

"நீங்க தூங்கிட்டீங்க," என்றார்.

"சார், நீங்க எப்படி வெளிய?"

"தண்ணி வந்துச்சு. யாரும் மோட்டார் போடல. நான் போட்டேன்." அவர் முகத்தைப் பார்த்தால், என்ன நடந்தது என்று அவருக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று தெரிந்தது. "இப்ப அவ உள்ள விட மாட்டேங்கிறா."

மேலே ஓடினேன். ஜலஜா அக்கா பின்பக்கம் சுக்கான் இருக்க வேண்டிய இடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து, கொக்கி மாட்டிய கயிறு விறைக்க, மாடிச் சுவரை நோக்கி வலது கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், கீழே, கேட். அங்கே அவர் மிதவையாக எறிந்த லாரி டியூப் கிடந்தது. படகிலிருந்து ஆள் விழுந்தால் செய்ய வேண்டியது அது. மிதவையை எறி, நேரத்தை எழுது, விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்காதே, கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இரு. எல்லாவற்றையும் செய்திருந்தார். நாற்காலியில் இருந்த தாளில், 3.22.

சார் என் பின்னால் வந்து கோட்டின் மேல் கால் வைக்கப் போனார்.

"நில்லுங்க."

"அரே, மோட்டார் போடப் போனேன் ஜலஜா! தூக்கத்துல போயிட்டேன்!"

"தூக்கத்துல போனாலும் கடல் கடல்தான்."

"கைக்கு இந்த டிராமா? எதுக்கு? மறுபடி மொதல்லேர்ந்து வெச்சுக்கலாம்."

"ரூல் ஒண்ணு படிங்க. கையெழுத்து யாருதுன்னும் பாருங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். தன் கையெழுத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கீழே இறங்கிப் போனார். அக்கா கையைத் தாழ்த்தினார். டைமர் அடித்தது. சுற்றிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு படகில் தனியாள் எப்படித் தூங்குவார் என்பதைப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் தூங்கி, எழுந்து, பார்த்து, மறுபடி பதினைந்து நிமிடம். பகல், இரவு எல்லாம் அதே கணக்கு. கட்டிலுக்கே போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், கொக்கியோடு, ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்வார். அன்றைக்கு இரவு நான்கு கப்பல் விட்டேன். நான்கையும் எழுதினார். நான்காவதன் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கி ஓடியிருந்தது.

எட்டாம் நாள் மதியம் காற்று கிளம்பியது. நான் செய்யாத கடல். கட்டிலுக்கு மேல் பாய்போலக் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்தது. சார் அதைக் கப்பல் முறையில் கயிறும் கப்பியுமாகக் கட்டியிருந்தார். அக்கா ஒரு கயிற்றை இழுத்தார், மறுமுனை தளர்ந்தது. அதைப் பிடித்தார், முதல் முனை போனது. தார்ப்பாய் அவர் முகத்தில் அறைந்தது. சத்தம் கேட்டு சார் படிக்கட்டு அறைக்கு வந்து நின்றார். எந்தக் கயிறு என்று அவருக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தார்.

"செத்தவங்க பேசக்கூடாது," என்றேன். விதியில் அப்படி இல்லை. ஆனால் வேறெப்படி இருக்க முடியும்?

அவர் வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நாற்பது நிமிடம் அங்கேயே நின்றார். கடைசியில் அக்கா தார்ப்பாயை முழுக்கக் கழற்றிச் சுருட்டி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு ஒன்பதாம் நாள் முழுவதும் வெயிலில்தான் இருந்தார்.

எட்டாம் நாள் மாலை பேசும் நேரத்தில் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, சார் எந்திரிச்சது உங்களுக்குத் தெரியலையா?"

"கூப்ட்டேன். ஒரு தடவை."

"அவர் தாண்டறதுக்கு முன்னாடியா?"

அவர் டைமரை எடுத்துத் திருகினார். "டைம் முடிஞ்சுபோச்சு," என்றார். என் கடிகாரத்தில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது நாள் முடிந்தது. அக்கா கொக்கியைக் கழற்றினார். கோட்டைத் தாண்டி வெளியே வந்து நான்கு அடி நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். தொங்கும் பலகையும் கட்டிலும் உள்ளேயே நின்றுவிட்டாலும், தரை ஆடுவதாகச் சொன்னார். கேனில் மூன்று லிட்டர் மிச்சம் இருந்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஈரத்தோடு என்னிடம் கையை நீட்டினார்.

"நோட்டு குடு."

முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிரியாணி வந்த இடத்தில் மூக்கால் சிரித்தார். ஐந்தாம் இரவின் இரண்டு கப்பல்களையும், 6.10-ஐயும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். ஏழாம் நாள் பக்கத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி. தூங்கிவிட்டேன், அக்கா சொன்னபடி எழுதுகிறேன், 3.22-க்கு ஆள் விழுந்தார், அக்கா ஒருமுறை கூப்பிட்டார். பேனாவைக் கேட்டு வாங்கி, அதன் கீழே அவர் எழுத ஆரம்பித்தார். ஈரம் பட்டு மை கலங்கியது. நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் போனேன்.

கீழே சாப்பாட்டு மேசையில் சாரும் ஜகதீசனும் இருந்தார்கள். மேசையில் கொச்சித் துறைமுகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவம். படகின் பெயர், நீளம், கேப்டன் எல்லாம் நிரப்பியிருந்தது. உடன் பயணிப்பவர் என்ற இடம் காலி.

ஜகதீசன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "பாபி, என் டிக்கெட்டைக் காலையிலேயே கேன்சல் பண்ணிட்டேன். என்னால அதுக்குள்ள ஒரு மேட்ச் முடியற வரைக்கும் உக்கார முடியாது."

சார் பேனாவை எடுத்துவிட்டார். "உக்காரு. எழுதிடறேன்," என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது அவருக்கு வராது.

"மொதல்ல இதைப் படிங்க."

அவர் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டே படித்தார்.

"3.18. தெருமுனையில் முதல் மோட்டார். அடுத்தடுத்த வீடுகளில் மோட்டார் சத்தம் நம் பக்கம் வருகிறது. ரோகிணி வெளியே வரவில்லை. 3.20. எதிர் வீடு. இந்தச் சத்தத்துக்கு அவர் எழுந்துவிடுவார் என்று தெரியும். எழுந்தார். கொக்கி மாட்டவில்லை. பார்த்தேன். கூப்பிடவில்லை. 3.22. கோட்டைத் தாண்டிய பிறகு கூப்பிட்டேன்."

ஜகதீசன் மெல்ல உட்கார்ந்தார். "இதை எழுதணுமா பாபி? யாருக்குத் தெரியப்போகுது?"

"எம்பேரை எழுதறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும்."

சார் நோட்டை மூடவில்லை. விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. நாலு நிமிடம். அவர் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நாலு நிமிடம் முழுக்கத் தன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை.

"டிக்கெட்டுக்காகவா?" என்று கேட்டார்.

"ஆமா."

"கடல்லயா இருந்தா?"

உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வெட்டிய முடியிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது.

"மூணு நாள் முன்னாடி கேட்டிருந்தா, கூப்ட்டிருப்பேன்னு பெருசா சொல்லியிருப்பேன். முந்தாநேத்து அந்தத் தார்ப்பாய் அவிழ்ந்துச்சு பாருங்க. எந்தக் கயிறுன்னு எனக்குத் தெரியல. உங்களைத்தான் கேக்கணும். நீங்க கேட்டுக்கு வெளிய மிதந்துட்டிருக்கீங்க. என் மூஞ்சில அது அடிக்க அடிக்க, அடிச்சவ நான்தான்னு தெரிஞ்சுது." மூக்கை உறிஞ்சினார். உப்பினால் ஏழு நாளாகவே அப்படித்தான். "கோபம் போகல. ஆனா நீங்க வேணும். கோபத்தோடவே கூப்டுவேன்."

"நான் தூங்கிட்டேன்னா?"

"கால்ல மிதிச்சு எழுப்புவேன். அந்த ரெண்டு கப்பலைப் படிச்சுட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஜகதீசா, நீ என்ன சொல்றே?" என்றார் சார்.

"என்னைக் கைக்கு கேக்கறே? நானா இருந்தா, பொய்யை எழுதிட்டு ஜாலியா ஏறியிருப்பேன். அப்புறம் நடுக்கடல்ல ஒரு நாள் உங்கிட்ட உளறியிருப்பேன்."

"உளறுவே. அது உண்மை."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நோட்டை என் பக்கம் தள்ளினார். படிவத்தை இழுத்து நேராக வைத்து, காலியாக இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். பெயர் முடிந்ததும் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பாஸ்போர்ட் நம்பர் சொல்லு."

அக்கா எங்கேயும் தேடவில்லை. ஒரு எழுத்து, ஏழு எண்கள், கடகடவென்று சொன்னார். சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வந்து அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"கடைசியில எட்டு இல்ல. மூணு. அடிச்சுட்டு எழுதாதீங்க, ஃபார்ம் செல்லாது. வேற ஃபார்ம் எடுங்க."

"இருக்கறதே இது ஒண்ணுதான்."

"அப்ப கொச்சிக்குப் போன் போடுங்க. இப்பவே," என்றார் அக்கா. ஈரப் புடவையோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.